பலாலியில் மேகம் தாழ்ந்திருந்த நாட்கள்

2006 டிசம்பர் ஐந்தாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியிருந்த ஒரு விமானக் கொம்பனியின் அலுவலகத்தில், என்னுடைய இருக்கையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தேன். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பயணப் பைகளை நிறுக்கும் தராசுக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்ததும், பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பாராமல் வேறெங்காவது பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததுமே.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைப்பாதை, திரும்பவும் சண்டை மூண்டதால், ஓகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு எஞ்சியிருந்தது, கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து, யாழ்ப்பாணத்தில் படையினர் வசமிருந்த பலாலி விமானத்தளத்துக்குப் பறந்த, ஐம்பது பேர்கூட ஏற முடியாத ஒரு விமானம். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அன்ரியின் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். அப்பா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். அம்மா அவரோடு இருந்தார். வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாததால், அப்பாவின் தம்பியாகிய சித்தப்பாதான் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எனக்கு எடுத்துப் பேசுவார்.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் பேசியது இவ்வளவுதான்:

“கொஞ்சம் இளைப்புத்தான் பிள்ளை. மழைக்குளிர். நீ அந்தரப்படாதை, ஆறுதலா வா.”

பதறவேண்டாம், மெதுவாக வரலாம் என்று நான் அந்த வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் பயணப்படப் போகிறவருக்குக் கெட்ட செய்தியை முழுதாகச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. முந்தின வருடம், தாயை இழந்த ஒரு சிநேகிதியிடம் “அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்” என்று சொல்லி அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டவளே நான்தான். ஆனால் அந்த வழக்கம் மற்றவர்கள்மேல் பாவிக்கப்படுவது என்றே நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனபோது, முந்தினநாள் எட்டாம் இடத்தில் இருந்த என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்திருந்தது. அதைக் கவனித்தேன். காரணம் கேட்கவில்லை, கேட்பது என் சுபாவம் அல்ல.

எனக்குப் பின்னால், நாற்பது நாள் குழந்தையுடன் ஒரு பெண் நின்றாள். பிரசவத்துக்காகக் கொழும்புக்கு வந்தவள். பதினொரு நாளாகத் தினமும் காலையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, தினமும் திரும்பிப் போயிருக்கிறாள். அன்று அவள் பெயர் ஓர் இடத்தால் தவறியது. அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. குழந்தையின் போத்தலைப் பைக்குள் திருப்பி வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்துத்தான் சொன்னேன், என் இடத்தில் அவர் போகட்டும் என்று.

பட்டியலை வைத்திருந்த பெண் கொட்டாஞ்சேனைக்காரி. முதல் பஸ்ஸில் வந்து அலுவலகத்தைத் திறப்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எல்லோரோடும் வாயாடுகிறவள் அன்று பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தங்கச்சி, நிச்சயமாத்தானா சொல்றீங்க?”

“ஓம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நான் நாளைக்குப் போறன். அவசரமில்லை.”

அவள் என் பெயரைக் கோடிழுத்து வெட்ட அதிக நேரம் எடுத்தாள். விமானம் ஏழேகாலுக்குப் புறப்பட்டது. வானம் கழுவிவைத்த கோப்பைபோல இருந்தது.

புதன்கிழமையும் கொழும்பில் அதே வானம். எங்களை யன்னல்கள் மூடிய பஸ்ஸில் இரத்மலானைக்குக் கொண்டுபோய், தகரக்கூரை போட்ட ஒரு மண்டபத்தில் இருத்தினார்கள். விமானம் வெளியே வெயிலில் நின்றது. சில்லுகளுக்குக் கட்டை வைத்திருந்தது. ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனைக்காரி உள்ளே வந்து, பலாலி திறக்கவில்லை என்றாள்.

“இஞ்ச என்ன வெயில் எறிக்குது. பிறகென்ன?” என்றார் வரிசையில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

“அங்கிள், நீங்க இறங்கப்போறது இங்க இல்லயே.”

“இவங்கட பிளேனைவிட என்ர சைக்கிள் மழைக்குத் தாங்கும்.”

“கொண்டு வாங்க அங்கிள். பின் கரியரில நானும் ஏறுறேன். அவிச்ச முட்டையும் கட்டிக்கொண்டு வாறேன்.”

மண்டபம் சிரித்தது. சிரிக்காதவர்களுக்கு அவள் பிறகு தனித்தனியே விளக்கினாள். வங்காள விரிகுடாவில், மழையும் காற்றும் கொண்டுவரும் தாழமுக்கம் ஒன்று உருவாகியிருந்தது. விமானி கேட்பது மூன்று விடயங்கள்: மேகத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஓடுபாதைக்குக் குறுக்கே எவ்வளவு காற்று வீசுகிறது. சண்டைக்காலத்தில் விமானம் தரைக்குமேல் பறக்காது. மேற்குக் கடலுக்கு மேலால் சுற்றிப் போய், கடைசியில் கடலிலிருந்து தாழப் பதிந்து வந்து, கண்ணால் பார்த்துத்தான் இறங்கவேண்டும். மேகம் தாழ்ந்திருந்தால் ஓடுபாதை தெரியாது. அன்று மேகம் மிகவும் தாழ்ந்திருந்தது. எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. பலாலியின் வானிலை படையினருடைய தகவல். அது தொலைபேசியில் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரே சொல்லாகவே வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், மற்றவர்கள் கலைந்த பிறகு, அவள் என்னை மேசைக்குப் பின்னால் கூப்பிட்டாள். இழுப்பறையிலிருந்து ஒரு தொலைநகலை எடுத்து என் முன்னே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அது கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையிலிருந்து திங்கள் மாலை வந்தது. மேலே வைத்தியரின் கடிதம்: நோயாளியின் நிலை கவலைக்கிடம், ஒரே மகள் உடனே வருவது அவசியம், அவருக்கு முன்னுரிமை கொடுத்து உதவவும். கீழே சித்தப்பாவின் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி: ‘பிள்ளை தனிய வருகிறா. இதை அவவுக்குச் சொல்லவேண்டாம்.’

எனக்கு ஆறுதலா வா என்று சொன்னவர், கொம்பனிக்கு உண்மையை எழுதியிருக்கிறார். கொம்பனி என் பெயரை மேலே ஏற்றியிருக்கிறது. நான் அந்த இடத்தை அவசரமில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

“நேத்தே காட்டியிருக்கணும்,” என்றாள் அவள் திரும்பி வந்து. “சொல்லவேணாம் எண்டு எழுதியிருந்திச்சு. எங்க வீட்டிலயும் இப்படித்தான். என் அப்பா தவறிப்போன நேரம் என்னை ‘சும்மா வந்துட்டுப் போ’ எண்டுதான் கூப்பிட்டாங்க. ரெண்டு தரம் கேட்டேனே, தங்கச்சி. அதுக்கு மேல எனக்குத் தெரியல.”

நான் தொலைநகலை மடித்து அவளிடமே கொடுத்தேன். பரவாயில்லை என்று சொன்னதாக நினைவு.

அன்று பின்னேரம் சித்தப்பா எடுத்தார்.

“சித்தப்பா, நான் கடிதத்தைப் பார்த்திட்டன்.”

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“அழுதழுது பிளேனில வரவேண்டாமெண்டுதான், பிள்ளை. சென்ரியில ஆமிக்காரர் அழுத முகத்தைக் கண்டா அதுக்கும் கேள்வி கேப்பாங்கள்.”

“அப்பா கதைக்கிறாரோ?”

“கதைக்கிறார். குழாயைக் கழட்டினாக் கதைக்கிறார். நீ எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கிறார்.”

“என்ன சொன்னீங்கள்?”

“பிளேன் ஏறிட்டாளெண்டு சொன்னன்.”

மேகம் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, “போனில வானத்தைப் பற்றிக் கதைக்காதை. ஆர் கேக்கிறாங்களோ தெரியாது,” என்றார். வைப்பதற்கு முன், “இஞ்ச எல்லாம் நனைஞ்சு ஊறிப்போய்க் கிடக்கு,” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இரத்மலானைக்குக்கூடக் கூட்டிச்செல்லவில்லை. ஆறு மணிக்கே ‘இல்லை’ வந்துவிட்டது. நான் அறைக்குப் போகாமல் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். கல்லில் ஏறி நின்று வடக்கே பார்த்தேன். துறைமுகத்துக்கு அப்பாலும் வானம் நீலமாகவே இருந்தது. நான் தேடிய மேகம் பார்வைக்கு எட்டும் தொலைவில் இல்லை. பிரிந்தவர் கார்காலத்தில் திரும்புவார், முதல் மழை அதற்கான தவணை என்பது அந்த அரையாண்டில் எங்களுக்கிருந்த பாடம். முல்லைத் திணைபற்றி நான் எழுதிக்கொடுக்கவேண்டிய கட்டுரை மேசையில் பாதியில் கிடந்தது. அதை எழுதியவள் மழையை ஒருநாளும் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அன்ரி கேட்டார்: “செவ்வாய்க்கிழமை இடம் இருந்ததாமே?”

“இருந்தது.”

“பிறகேன் விட்டனீர்?”

நான் சொன்னேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். “புண்ணியம்தான்,” என்றார். குரலில் புண்ணியத்துக்குரிய எதுவும் இல்லை. குழந்தைக்காரி போய்ச் சேர்ந்திருப்பாள். தகப்பன் குழந்தையைத் தூக்கியிருப்பான். அதை நினைத்து நிம்மதியடைய முயன்றேன். செய்யத் தெரியாத ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வதுபோல இருந்தது. அவளுடைய கணவன் இன்னும் நான்கு நாள் காத்திருக்கக்கூடியவன்.

வெள்ளிக்கிழமை எங்களை மீண்டும் இரத்மலானைக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை ஏற்றினார்கள்; இடுப்புப்பட்டியையும் கட்டினோம். ஒரு பக்க விசிறி சுழலத் தொடங்கியது. ஆசிரியர் எனக்கு முன் இருக்கையில் திருநீறு பூசிக்கொண்டார். நான்கு நிமிடங்களின் பின் விசிறி நின்றது. மேகம் சற்று உயர்ந்து, ‘ஓம்’ வந்து, திரும்பவும் இறங்கிவிட்டதாம். எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அப்போது ஒன்பதே கால். அப்பா ஒன்பது பத்துக்குப் போய்விட்டிருந்தார் என்பதைச் சாயந்தரம் நாலரைக்குச் சித்தப்பா சொன்னபோதுதான் அறிந்தேன்.

“அண்ணை போட்டார், பிள்ளை. எல்லாம் முடிச்சிட்டம். ஊரடங்குக்கு முன்னம் சுடலையால திரும்பவேணுமெல்லே. மழையெண்டபடியால் விறகும் கஷ்டம்.”

முதன்முறையாக அவர் என்னிடம் ஒன்றையும் மறைக்காமல் பேசினார். மறைப்பதற்கு இனி எதுவும் இருக்கவில்லை.

“கடைசியா என்ன கேட்டவர்?”

“கேக்கேல்லை. நீ வந்துகொண்டிருக்கிறாயெண்டு நினைச்சுக்கொண்டுதான் போனவர்.”

அது எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதா, உண்மையா என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்டால் உண்மை என்றுதான் சொல்வார்.

நான் குளித்தேன். அன்ரி அடுப்பு மூட்டவில்லை. ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனைக்காரி தன் வீட்டிலிருந்து பேசினாள். யாழ்ப்பாணக் கிளை அவளுக்கும் அறிவித்திருந்தது. தாழமுக்கம் தென்னிந்தியக் கரைக்குப் போய்விட்டது, காலையில் நிச்சயம் பறக்கும், என் பெயர் முதலாவது என்றாள். பிறகு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல வேகமாக:

“தங்கச்சி, உங்கட பாதுகாப்பு அனுமதியில வாற காரணம் ‘சுகயீனமான தகப்பனைப் பார்க்க’ எண்டு இருக்கு. அதை மாத்தணுமெண்டா மரணச் சான்று வரணும், புதுசாப் போடணும், ரெண்டு கிழமை போகும். பலாலியில கேட்டா பேப்பரில உள்ளதையே சொல்லுங்க. வேற ஒண்டும் சொல்லாதீங்க.”

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு விமானம் புறப்பட்டது. மேகம் இல்லை. காற்று இல்லை. கடல் தட்டையாக இருந்தது; ஒருமுறைகூட ஆட்டம் இல்லை. ஆசிரியர் வழியெல்லாம் தூங்கினார். பலாலியை நெருங்கியபோது யன்னல் மறைப்புகளை இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். தரையில் இறங்கி நடந்தபோது ஓடுபாதையின் ஓரங்களில் தண்ணீர் இன்னும் நின்றது. சோதனை மேசையில் இருந்த இளம் இராணுவத்தினன் என் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். எதற்காக வந்தாய் என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

“அப்பாவுக்குச் சுகமில்லை,” என்றேன். “பார்க்க வந்தனான்.”

அவன் முத்திரையைக் குத்தினான். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.