உறுமும் பேருந்து இப்போது புறப்படாது

ஒரு ஷிஃப்டுக்கு இருநூற்றெண்பது பேருந்துகள். அத்தனைக்கும் சேர்த்து வாய் ஒன்றுதான். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று பதினோரு வருடமாகச் சொல்லிவரும் அந்த வாய்க்குச் சொந்தக்காரரை டிரைவர்கள் மைக்கம்மா என்பார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒன்றரை அறை. அரை அறையில் அடுப்பு, முழு அறையில் மாமியாரின் கட்டில். கட்டிலை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் கீழே மூன்றாம் நடைமேடை. கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பத்து மாதம் தண்ணீர்மேல் இருப்பார். ஆக, வீட்டில் இருப்பது இரண்டு பெண்கள்.

மாமியாருக்கும் ஒரு வேலை உண்டு. சம்பளம்தான் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மருமகளின் அறிவிப்புகளைக் கேட்பார். பிசகு கண்டால் உடனே போன் அடிப்பார்.

"துறைமுகம் வண்டி அஞ்சுல நிக்குது. நீ ஆறுன்னு சொல்லிட்டே. பாவம், ஒரு மனுஷன் மூட்டையைத் தூக்கிட்டு ஓடுறான் பாரு."

அடுத்த நொடி ஒலிபெருக்கியில் திருத்தம் வரும். மைக்கம்மாவின் அறிவிப்பு தப்பவே தப்பாது என்று நிலைய மேலாளர் பெருமை பேசுவார். அந்தப் பெருமையில் பாதி ஜன்னலுக்குச் சேர வேண்டியது என்பது அவருக்குத் தெரியாது.

மைக்கம்மா மாமியாருக்குக் கடன்பட்டது அதற்கு மட்டும் இல்லை. இந்த வேலை கிடைத்தபோது இரவு ஷிஃப்டும் சேர்ந்துதான் கிடைத்தது. கல்யாணமாகி வந்த பெண் ராத்திரியில் பேருந்து நிலையத்தில் உட்காருவதா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "அவ போகட்டும். திரும்பி வந்தா கதவைத் திறக்க நான் இருக்கேன். உங்களுக்கு ஏன் தூக்கம் கெடுது?" என்றார் மாமியார். அதோடு எல்லார் வாயும் அடைத்துப்போயிற்று. கதவு இன்றுவரை ஒரே தட்டலில் திறக்கிறது.

போன மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு விசில் அடித்தது. டாக்டரம்மா மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல என்னென்ன கொளுத்துவீங்க?" என்றார்.

"என் தலையெழுத்தைத் தவிர எல்லாத்தையும்," என்றார் மாமியார்.

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் விடவில்லை. கொசுவர்த்திச் சுருள், அடுப்படிப் புகை, ஜன்னலுக்குக் கீழே நிற்கும் பேருந்துகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "மருந்து நான் தர்றேன். காத்தை நீங்கதான் மாத்தணும். முடியலைன்னா இவங்க வேற இடத்துல இருக்கறதுதான் நல்லது."

வேறு இடம் தயாராகவே இருந்தது. கணவரின் அண்ணனுக்கு ஊர்க்கோடியில் வீடு, சுற்றிலும் மரம். விஷயம் கேள்விப்பட்டதும் போன் செய்தார். "மாசக் கடைசியில வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்." மாமியார் பரணிலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினார். தட்டிய தூசிக்கும் இருமினார்.

அந்தப் பையைப் பார்த்ததும் மைக்கம்மா அன்றே களத்தில் இறங்கினார். முதலில் ஜன்னல். தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இனி ஒரு பொட்டுப் புகை உள்ளே வராது என்று கையைத் தட்டிக்கொண்டார். வரவில்லைதான். உள்ளே இருந்த புகை வெளியே போகவும் இல்லை. தாளித்த நெடி, சுருளின் புகை, வேர்வை எல்லாம் அறையிலேயே சுற்றிச் சுற்றி வந்தன.

"ஏண்டி, என்னைக் காப்பாத்துறியா, இல்ல ஜாடியில போட்டு மூடி வைக்கிறியா?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை, பழகிடும்."

"பழகுறதுக்குள்ள போய்ச் சேர்ந்திடுவேன்."

தாளைக் கிழித்தார்கள். சுருள் குப்பைக்குப் போனது, கட்டிலுக்குக் கொசுவலை வந்தது. துடைப்பத்தால் தூசி கிளப்பிப் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைத்தார்கள். அடுப்புக்கு மேலே புகையை வெளியே தள்ளும் சின்ன ஃபேன் சுழன்றது. இரவு இருமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பொழுது விடிந்து பேருந்துகள் வந்து நின்றதும் பழைய கதைதான். ஜன்னல் விளிம்பைத் துடைத்த துணி கரித்துணியாக வந்தது.

உள்ளே செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. மிச்சம் மூன்றாம் நடைமேடை. அங்கே ராஜாங்கம் நடத்தியவர் மலையடிவாரம் வண்டியின் டிரைவர். எல்லாரும் வைத்த பெயர் உறுமல். புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே எஞ்சினைப் போட்டுவிடுவார். ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி, வண்டி ஒரு சாண் நகரும், பிரேக். வண்டி கிளம்பிவிட்டது என்று பதறி ஜனங்கள் ஓடி வந்து ஏறுவார்கள். ஏறியபின் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

மைக்கம்மா நேரிலேயே போய்க் கேட்டார். "அண்ணே, கிளம்புறப்ப ஸ்டார்ட் பண்ணினா போதாதா?"

"நல்லாக் கேட்டீங்க. எஞ்சின் நின்னா வண்டி படுத்திருச்சுன்னு நினைச்சுப் பக்கத்து வண்டியில ஏறிடுவாங்க. உறுமினாத்தான் கூட்டம். கூட்டம் இருந்தாத்தான் வசூல்ல எங்களுக்குப் படி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மைக்கம்மா திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலை நெரிசலில், வீட்டிலிருந்து போன். எடுத்தார். திருத்தம் எதுவும் வரவில்லை, பேச்சே வரவில்லை. இருமல் மட்டும் வந்தது. அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்தால் உறுமல் வண்டியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டிருக்கிறார். மைக்கம்மாவின் கை தானாகவே மைக்கை அமுக்கியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் உறுமிக்கொண்டிருக்கும் பேருந்து இப்போது புறப்படாது. இன்னும் பதினெட்டு நிமிடங்கள் உள்ளன. பயணிகள் நிதானமாகத் தேநீர் அருந்தலாம்."

நிலையம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. வண்டிக்குள் வெந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக் காற்று வாங்கினார்கள். டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். உறுமல் படியேறி வந்து கதவைத் தள்ளினார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேம்மா!"

மைக்கம்மா ஐந்து நிமிடம் பக்கத்து மேஜையில் நேரக் குறிப்பு எழுதுபவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, உறுமலை மதிலைச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமியார் விசிலடிக்கும் மூச்சோடு நிமிர்ந்து, ஜன்னலைத் துடைத்த துணியை நீட்டினார்.

"இது இன்னிக்குக் காலையில துடைச்சது. நீ விடுற மூச்சைத்தான் தம்பி நான் இழுத்துக்கிட்டு இருக்கேன்."

உறுமல் துணியைப் பார்த்தார், ஜன்னலுக்குக் கீழே தன் வண்டியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நிறுத்திடறேன் பெரியம்மா. ஆனா கூட்டம்?"

"கூட்டத்தை நான் ஏத்திவிடறேன்," என்றார் மைக்கம்மா. "எஞ்சினை நிறுத்துற வண்டி எதுவோ, அது எத்தனை மணிக்குக் கிளம்பும், ஜன்னல் சீட் காலியா, எல்லாம் ரெண்டு தடவை சொல்றேன். உங்க எஞ்சினைவிட என் தொண்டைக்கு சத்தம் அதிகம்."

அன்று மாலையே சொன்னார். சத்தமில்லாமல் நின்ற மலையடிவாரம் வண்டி மற்ற வண்டிகளுக்கு முன்பே நிறைந்தது. மறுநாள் பக்கத்து நடைமேடை டிரைவர் சாவியை ஆட்டிக் காட்டினார், "எனக்கும் ரெண்டு தடவை!" எழுதிக் கொடுத்ததை மட்டும் படியுங்கள் என்று கண்டிக்க வந்த மேலாளர், டீசல் மிச்சம் என்று பேருந்து முதலாளிகள் சொன்னதும் கண்டிக்க வந்ததையே மறந்துபோனார். வாரக் கடைசியில் ஒரு காலை, அறிவிப்புக்கு நடுவே ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் கேட்டது. அது இத்தனை நாளும் அங்கேதான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

மாதக் கடைசியில் கணவரின் அண்ணன் வந்தார். மாமியார் நிற்காமல் இருமாமல் கீழே இறங்கி வந்து வாசலிலேயே மகனைப் பிடித்துக்கொண்டார்.

"பை எங்கம்மா?"

"அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன். உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ. இங்க வேலை கிடக்குடா எனக்கு, இவ நேத்துகூட ஆறுக்குப் பதிலா ஏழுன்னா."

மைக்கம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபேன் ஓடியும் கண் கலங்கியது. டீயைக் கொடுக்கும்போது மாமியாருக்கு மட்டும் டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தார். உறுமலுக்கும் ஒரு டம்ளர் கீழே போனது. இப்போதெல்லாம் தினமும் போகிறது.

மாமியாருக்கு மருந்து பாதியாகக் குறைந்திருக்கிறது; நிற்கவில்லை. வரும் முதல் தேதியிலிருந்து மைக்கம்மாவுக்கு அதிகாலை ஷிஃப்ட். முதல் வண்டி நாலே முக்காலுக்கு. ஜன்னலை நாலரைக்குத் திறந்துவிடுவதாக மாமியார் சொல்லியிருக்கிறார்.