சின்னையாவுக்கு ஒரு பிளாஸ்மா நோட்டீஸ்

வாங்கிய கையோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தே எழுதுவதுதான் நோட்டீஸ் எழுதும் தொழில். எழுதி நொந்தவர்களுக்கு இது தெரியும். நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எட்டுப் பக்கப் பிரசுரங்களே என் படிப்பு. ஆனாலும் நாற்பது வருடத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் என் வாக்கியத்தை எவரும் திருத்தியதில்லை. போன மாதம் வரை.

வந்த வேலை

வல்லத்திராக்கோட்டை சின்னையா எங்கள் விவசாய சங்கத்தின் பழைய ஆள். அவர் மகள் தமயந்திக்கு வடக்கே இயற்பியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். என்ன ஆராய்ச்சி என்று அப்பா கேட்க, காந்தப்புலத்துக்குள் பிளாஸ்மா அலைவது பற்றி என்றிருக்கிறாள். கேட்கிறவர்களிடம் நான் என்னத்தைச் சொல்ல, புரியாத படிப்புக்கு அனுப்ப முடியாது என்று அவர் முடித்துவிட்டார். புரியும்படி ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். உன் பேராசிரியர் எழுதட்டுமே என்றேன்.

"அவரு எழுதுனா அப்பா தொடவே மாட்டாரு பெரியப்பா. ஒங்களுதுன்னா வாங்கியாவது வைப்பாரு."

முதல் வரைவு

மூன்று நாள் சங்க அலுவலக பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். கேள்வி கேட்கவே பழகிய எனக்கு, வாயை மூடி உட்காருவது உண்ணாவிரதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு எழுதினேன். காந்தப்புலம் துகள்களை ஒடுக்குகிறது, துகள்கள் கொதித்தெழுகின்றன என்று தொடங்கி, பழக்கதோஷத்தில் கீழே மூன்று கோரிக்கைகளும் போட்டுவிட்டேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டு என் பேனாவையே வாங்கி வரிகளை அடித்துவிட்டாள்.

"காந்தப்புலம் பண்ணையாரு இல்ல பெரியப்பா. அது யாரையும் ஒடுக்கல. இந்தக் கோரிக்கைய யாருகிட்ட குடுக்கப் போறீங்க?"

ஜெகதாப்பட்டினத்தில்

அச்சுக்குப் போகுமுன் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அன்று படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் பிளான்ட் நிழலில் இருந்தவர்களுக்கு, திருத்தி எழுதியதை வாசித்தேன். பிளாஸ்மா என்பது கடுஞ்சூட்டில் மின்துகள்களாகச் சிதறிய பொருள்; அந்தத் துகள்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றன. படகின் அடியில் சுழலும் விசிறிபோல, ஓடும் திசைக்குச் சில வலமாகவும் சில இடமாகவும் சுழல்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். வலம் கூடிவிட்டால் காந்தப்புலத்தின் வழியே மின்சாரம் ஓடும். துகள்கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கினால் திரும்ப இழுபடும், இழுத்த வேகத்தில் மறுபக்கம் தாண்டும். இப்படியே மொத்தமும் சேர்ந்து அலையும். ஒரு துகள் தனியாக அதைச் செய்ய முடியாது. எந்தத் துகளும் முன்னால் நிற்பதும் இல்லை.

விசைப்படகு ஓட்டும் காதர் பீடியை அணைத்தார். என்னோடு எத்தனையோ மறியலில் உட்கார்ந்தவர்.

"மொதத் தடவையா தலைவரு இல்லாத கூட்டத்தப் பத்தி எழுதியிருக்கீங்க. வெளங்குதுங்க."

வியாழக்கிழமை

சின்னையா என் கண்முன்னாலேயே இரண்டு தடவை படித்தார். இடஞ்சுழி கூடிவிட்டால் மின்சாரம் எங்கிட்டுப் போகும் என்று கேட்டார். எதிர்ப்பக்கம் என்றேன். இதனால் விளைச்சல் கூடுமா என்றார். மேடையென்றால் கூடும் என்றிருப்பேன். கூடாது, உலகம் உண்டான புதிதில் எல்லாம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போச்சு என்று நினைத்தேன். கதவோரம் நின்ற தமயந்தியின் முகமும் அதையே சொன்னது. சின்னையா அவள் பக்கம் திரும்பாமல் என்னிடமே பேசினார்.

"எனக்குப் பாதிதாண்ணே புரிஞ்சுச்சு. ஆனா நாப்பது வருசமா யாரு சொல்லியும் கேக்காத ஆளு நீங்க. ஒங்களையே இந்தப் புள்ள மூணு நாளு ஒக்கார வச்சு வெளங்க வச்சிருக்குன்னா, இது எங்க போனாலும் பொழச்சுக்கும். எழுதி அனுப்பச் சொல்லுங்க."

மேடையில் பேசிப் பேசி எத்தனையோ பேரை மறியலுக்கும் சிறைக்கும் அனுப்பியிருக்கிறேன். வாயை மூடிக் கேட்டதால் ஒருத்தியை ஆராய்ச்சிக்கு அனுப்பியது இந்த ஒரு தடவைதான்.