அப்பா கூடையாக நின்ற ஞாயிறு

அப்பா எங்களோடு விளையாட வந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சிறுவயதில் உனக்குப் பிடித்த நாள் எது என்று யாராவது கேட்டால், வெகுகாலம் வரை நான் தயங்காமல் அந்த நாளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் ரங்கூனில் தின்கன்ஜூன் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. தாத்தா காலமானபோது அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதன் பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியது அப்பாதான். படித்து முடித்த அத்தைக்குச் சூலே பகோடா அருகே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேலை பார்த்த ஒரு பர்மியர்தான் எங்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

அவரை நான் 'ஊலே' என்று கூப்பிடுவேன். பர்மிய மொழியில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் தெருவில் போகிற பெரியவருக்கும் அந்த ஒரு சொல் போதும். தமிழில் அது நடக்காது. மாமா என்று கூப்பிட்டுவிட்டால் ஏதோ ஒரு உறவு முடிவாகிவிடும்.

ஊலேயின் அண்ணன் கப்பலில் வேலை செய்தவர். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பறக்கும் தட்டுகள் மூன்று இவரிடம் இருந்தன. வெளிநாடுகளில் இதற்கென்றே பொது மைதானங்கள் உண்டாம். கம்பத்தில் இரும்புக் கூடையும் சங்கிலியும் தொங்குமாம். யார் வேண்டுமானாலும் போய், ஒவ்வொரு கூடையாகத் தட்டை எறிந்துகொண்டே சுற்றி வரலாமாம். நம் ஊரில் அது இல்லை என்பதற்காக அவர் வருத்தப்படவில்லை. கண்டோஜி ஏரிக்கரைப் பூங்காவில் தானே ஒரு மைதானத்தை உண்டாக்கிவிட்டார். வாசலிலிருந்து எறிந்து முதலில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தைத் தொடவேண்டும். அங்கிருந்து விளக்குக் கம்பம், பிறகு உடைந்த சிமெண்டு பெஞ்சு. தண்ணீர்ப்பானை மேடையின் தூணில் படவேண்டும், பானையில் பட்டால் ஓர் எறி கூடுதலாகக் கணக்கு. இப்படியே கரையோரமாகப் போய்க் கடைசியில் மெய்யாகவே ஒரு கூடை. அந்த மூங்கில் கூடையை அவர் வாராவாரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, தண்ணீரை ஒட்டிய மரத்தில் கட்டித் தொங்கவிடுவார். எல்லாவற்றையும் குறைந்த எறிகளில் முடித்தவர் ஜெயித்தவர். முதலில் எங்களை விரட்டிய பூங்காக் காவல்காரர் போகப்போக எப்படி எறிவது என்று யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மூவரில் அத்தைதான் கெட்டிக்காரி. அவள் எறியும் தட்டு தாழ்வாகப் போய், கடைசியில் ஏதோ ஞாபகம் வந்தது போல இடதுபக்கம் திரும்பி மரத்தைத் தொடும். ஊலே கைதட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்வார்.

கூட நான் இருந்ததால் அத்தை பூங்காவுக்குப் போவதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. எனக்காகத்தான் அவள் மெனக்கெட்டுப் போகிறாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக வந்து நின்றார்.

"நானும் வரேன். அந்தத் தட்டு வெளையாட்டு என்னான்னு பாக்கறேன்."

தலை வாரிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. "நெசமாவாண்ணே? நீயா வரே?"

"ஏன், நான் வரக்கூடாதா?"

அத்தை உள்ளே ஓடினாள். கட்டியிருந்த தமைனை, பர்மியப் பெண்கள் கட்டும் அந்த லுங்கியை, அவிழ்த்துவிட்டு, அதுவரை கட்டாமல் வைத்திருந்த பச்சைத் தமைனைக் கட்டிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் தனக்கா மரக்கட்டையைச் சந்தனம் போல மறுபடி இழைத்துப் பூசி, சீப்பால் அதில் கோடுகள் கூடப் போட்டிருந்தாள். வழக்கமாக வாசல் வரை வந்து வழியனுப்பும் அம்மா அன்று அடுப்படியை விட்டு வரவில்லை.

பஸ்ஸில் அத்தை வாய் ஓயாமல் பேசினாள். எங்கிருந்து எறியவேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எது தப்பாட்டம் என்றெல்லாம் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். "அவரு ரொம்பப் பொறுமையா சொல்லித் தருவாருண்ணே. நீயே பாரேன்" என்றாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு "ம்" என்றார்.

ஊலே எப்போதும் எங்களுக்கு முன்னால் வந்து வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்று பெஞ்சு காலியாக இருந்தது.

"பஸ் கெடைச்சிருக்காது" என்றாள் அத்தை.

"நாம ஆரம்பிப்போம்" என்றார் அப்பா.

எங்களிடம் ஒரே ஒரு தட்டுதான், ஊலே எனக்குக் கொடுத்திருந்த சிவப்புத் தட்டு. அதையே மாற்றி மாற்றி எறிந்தோம். அப்பாவின் முதல் எறி முன்னால் போகாமல் அவருக்குப் பின்னால் போய் விழுந்தது. அடுத்தது நேராக மேலே போய்க் காவல்காரரின் காலடியில் இறங்கியது. அப்பா சளைக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், குனிந்தார், வியர்த்து வழிந்தார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர் அன்று என்னைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்தார். அத்தையும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு முறை எறியும் முன்னாலும் ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர்ப்பானை மேடையருகே அப்பா எறிந்த தட்டு புதருக்குள் போய்விட்டது. எடுத்துவர நான் ஓடினேன். முள்ளை விலக்கித் தேடிக்கொண்டே பார்த்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கையில் பானையிலிருந்து மொண்ட தண்ணீர்க் குவளை. அவள் அதைக் குடிக்கவில்லை. அப்பா சொல்லி முடித்த பிறகு தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, குவளையைப் பானை மூடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

தட்டோடு ஓடிவந்த நான், "ஊலே இன்னும் வரலியா?" என்றேன்.

"அவருக்கு வேலையாம்" என்றாள் அத்தை. "யார் முறை?"

"ஒங்க முறைதான் அத்தே."

அதற்குப் பிறகு அத்தை எறிந்ததுபோல் அவள் எறிந்து நான் பார்த்ததேயில்லை. பேச்சில்லை, சிரிப்பில்லை, வாசல் பக்கம் திரும்பவுமில்லை. ஓர் எறி, ஒரு மரம். அடுத்த எறி, அடுத்த மரம். காவல்காரர் வாய்விட்டுப் பாராட்டினார். அப்பா வந்த யோகம் என்று நான் குதித்தேன்.

கடைசி மரத்துக்கு வந்ததும்தான் கூடை இல்லையே என்று உறைத்தது. கொண்டுவருகிற ஆள் வரவில்லை. கூடை இல்லாமல் ஆட்டம் எப்படி முடியும் என்று நான் சிணுங்கினேன்.

"அதனாலென்ன, நான் கூடையா நிக்கிறேன்" என்றார் அப்பா.

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் வளைத்துக் கோர்த்துக்கொண்டார். அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எறி தங்கச்சி" என்றார். "எம்மேலயே எறி."

அத்தை வெகுநேரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு எறிந்தாள். தட்டு அப்பாவின் தலைக்கு மேலாக, எந்தப் பக்கமும் திரும்பாமல், நேராகப் பறந்து ஏரியில் போய் விழுந்தது. அப்பா குனியவில்லை. வளைத்த கைகளைப் பிரிக்கவுமில்லை. நான் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தேன். தட்டு போய்விட்டது என்பது அப்புறம்தான் புரிந்தது. உடனே அழ ஆரம்பித்தேன்.

அப்பா அப்படியே தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் பாசியை விலக்கிக்கொண்டு போய்த் தட்டை எடுத்துவந்து, சட்டை முனையில் துடைத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை கை நீட்டவில்லை. நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அப்பா ஊலேயின் ஆபீசுக்குப் போயிருக்கிறார். மாடிப்படியில் நின்று, அந்தச் சின்ன வயசுக்காரரிடம் கைகூப்பிக் கேட்டிருக்கிறார். "எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. எங்க சனத்துக்கு நான் பதில் சொல்லியாகணும். இனிமே வராதீங்க." ஊலே வாதாடவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாராம்: "நாளைக்குக் குழந்தை விளையாடக் காத்திருக்குமே."

அதற்காகத்தான் அப்பா வந்தார்.

மறுவருஷம் அத்தையைப் பெகுவில், சொந்தத்திலேயே, அரிசிக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். அத்தைக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையானபோது அத்தை வந்திருந்து கஞ்சி ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள். அவள் ஊருக்குப் போன அன்றைக்கு அப்பா அம்மாவிடம், "அன்னிக்கு அந்தத் தட்டு எம் மூஞ்சியிலயே பட்டிருக்கலாம்" என்றாராம். அம்மா போர்வையை இழுத்துவிட்டிருக்கிறாள்.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்த பஸ் பயணம்தான். கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அத்தை உட்கார்ந்தாள், எதிர்ச்சீட்டில் நான். அத்தைக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அப்பா உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லுங்கியிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது.

"அப்பா, அத்தை பக்கத்துல எடம் இருக்கு" என்றேன்.

"ஈரம்மா. இருக்கட்டும்."

அத்தை வெளியே பார்த்தபடியே, "உக்காருங்கண்ணே" என்றாள்.

பிறந்ததிலிருந்து அப்பாவை வா, போ, நீ என்றே பேசி வந்தவள் அவள். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பஸ் சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கீழே விழப்போகிறவர் போலக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தின்கன்ஜூன் வரும் வரை உட்காரவேயில்லை.

வீட்டுக்குள் நான்தான் முதலில் ஓடினேன். அடுப்படியில் இருந்த அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்கச் சொன்னேன்:

"அம்மா, அத்தை இப்ப அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை குடுக்கறாங்க தெரியுமா? நீங்கன்னு சொல்றாங்க! அப்பா தண்ணியில எறங்கித் தட்டை எடுத்தாருல்ல, அதுக்குத்தான்!"