இல்லாத கேரம் போர்டு

எங்கள் கேரம் கிளப், சரக்கு ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. எந்த இடம் என்று சொன்னால் எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும். வடசென்னை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஒரு காது பாக்கியிருக்கிறது, அதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் என் தங்கை தனியாக ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாநில அணிக்கான தேர்வு ஆட்டம். இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு முயலலாம். அவள் சொந்த போர்டு அது, கைக்குப் பழகி வழவழவென்று இருக்கும். வேறு போர்டில் ஸ்டிரைக்கர் அவள் பேச்சைக் கேட்காது.

எஸ்.ஐ. உள்ளே வந்தார். “என்னடா, சூதாட்டமா?”

“தங்கச்சி மேட்ச்சுக்கு பிராக்டீஸ் பண்ணிகினு கீது சார்” என்றேன்.

இடது காதைச் சேர்த்து ஒன்று விட்டார். போர்டு, காய்கள், மேலே தொங்கிய பல்பு எல்லாம் ஜீப்பில் ஏறின. வழக்கும் இல்லை, ரசீதும் இல்லை. பல்பு என்ன சூதாடியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். பின்பக்கம் டொக் டொக்கென்று காய் அடிக்கும் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்த தங்கை கொதித்துப்போனாள். அவர்கள் ஆடியதைக்கூட அவள் பெரிதுபடுத்தவில்லை.

“மூஞ்சிக்குப் பூசுற பவுடரைக் கொட்டி போர்டையே கலீஜ் பண்ணிட்டானுங்கண்ணா!”

எஸ்.ஐ.யிடம் கேட்டோம். “எந்த போர்டு?” என்றார். சட்டைக் கை மல்லிகைப் பவுடராக மணந்தது.

போர்டை எடுத்தார், என்னை அடித்தார் என்று மேலதிகாரியிடம் மனு கொடுத்தோம். அவர் சனிக்கிழமை அந்த ஸ்டேஷனுக்கே விசாரிக்க வந்தார். எங்களுக்கு பெஞ்சு, எஸ்.ஐ.க்கு நாற்காலி, அதிகாரிகள் இருவருக்கும் டீ. டீ எங்கள் பக்கம் வரவில்லை.

“யாரையும் அடிக்கல சார். போர்டுன்னு எதுவும் இந்த ஸ்டேஷன்லயே இல்ல” என்றார் எஸ்.ஐ.

“கேமரா?”

“ரிப்பேர் சார்.”

எங்கள் ஏரியா ஸ்டேஷன் கேமராவுக்கு அப்படியொரு உடம்பு. காக்கிச்சட்டை கையை ஓங்கினால் உடனே காய்ச்சல் வந்துவிடும்.

“ஆதாரம் எதுவும் இல்லையேம்மா” என்று அதிகாரி மனுவை மூடினார். நாளைக்கு ஆட்டம், இவளுக்குப் பழக போர்டு இல்லை.

தங்கை எழுந்தாள். யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் தலைமேல் போர்டு இருந்தது.

எஸ்.ஐ. துள்ளி எழுந்தார். “ஏய், எங்க தூக்கிட்டுப் போற?”

“இன்னாத்த சார்?”

“அந்த…” என்றவர் அப்படியே நின்றுவிட்டார். போர்டு என்று சொன்னால் அது இருந்ததாக ஆகிவிடும்.

“இல்லாததைத்தானே சார் எடுத்துகினு போறேன்” என்றாள் தங்கை. “வர்ட்டா?”

வாசலில் நின்ற பெண் காவலர் உதட்டைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார். போர்டு அதிகாரியின் மூக்கை உரசாத குறையாகக் கடந்தது. அவர் தன் செல்போனில் ரொம்ப முக்கியமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

தெருவே சிரித்தது. இரவு சாப்பாட்டை மறந்து அந்த மல்லிகைப் பவுடரைத் துடைத்துத் துடைத்து எடுத்தோம். மறுநாள் ஆட்டத்தில் ஜெயித்து அவள் அணியில் சேர்ந்தாள். கொட்டகையில் விசிலடித்தவர்களில் நானும் ஒருவன்.

எஸ்.ஐ. இன்னும் அதே ஜீப்பில்தான் வருகிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கக்கூடச் செய்கிறார். அந்த போர்டு எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அடித்ததைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

தங்கை இப்போதெல்லாம் ஆடும்போது என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள். விசாரணைப்படி என்னை யாரும் அடிக்கவில்லை. இடது பக்கம் இருந்து அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை.