இரண்டாவது கேட்வே

“ரூட்ட நாம கையால எழுதி வெச்சுட்டா, யாராவது கையால அழிக்கிற வரைக்கும் அப்டியே நிக்கும்மே.”

“நீ இல்லாங்காட்டியுமா?”

“நான் இல்லாங்காட்டியுந்தான்.”

வெற்றி அன்று சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அதற்குப் பிறகு நடந்ததை நம்பச் சொல்லி நர்மதா யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்து வைத்திருக்கிறாள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. புருஷன் வெற்றி, பெண்டாட்டி நர்மதா இருவருக்கும் அங்கேதான் நெட்வொர்க் வேலை. அலுவலகத்திலிருந்து தகவல் வெளியே போக இரண்டு கேட்வே. ஒன்று ஃபைபர். மற்றது, எண்ணூர் கிடங்கின் இரும்புக் கோபுரத்து உச்சியில் வெற்றி பொருத்திய வயர்லெஸ் பெட்டி. கிடங்குக் கேமராவின் படம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும் என்று ரவுட்டரில் ஸ்டாடிக் ரூட், அதாவது தானாக மாறாத வழி, எழுதியதும் அவன்தான். ஒரே ஒரு வரி.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு டிசம்பர் புயலில் பெட்டி திசை திரும்பிக்கொண்டது. சரிசெய்யப் போனவன், மஞ்சள் மழைக்கோட்டோடு கோபுரத்தடியில் நின்று அவளுக்குப் போன் செய்தான். மணி 2.47. காற்று இரைந்தது. ஏறாதே என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். விழுங்கிவிட்டாள்.

3.12க்கு அவன் விழுந்தான்.

பெட்டி அன்றோடு செத்தது. வரி மட்டும் நின்றது. அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. எண்ணூர்ப் பக்கமே அவள் போகவும் இல்லை. இந்த மார்ச்சில் கிடங்குக்கும் ஃபைபர் வந்தது. இனி அந்த வரி போனால்தான் புதிய கேமரா தெரியும் என்ற நிலை.

வியாழன், பகல் 2.40. வெளியே அனல். வரியை அழித்தாள். பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

வரி இருந்தது.

மறுபடி அழித்தாள். இருந்தது.

2.47. செத்த பெட்டிதானே, பதில் வராது என்று அதற்கு ஒரு பிங் அடித்துப் பார்த்தாள்.

பதில் வந்தது... அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது.

திரையில் கேமரா விழித்தது.

அங்கே மழை.

கோபுரத்தடியில் மஞ்சள் மழைக்கோட்டு. காதில் போன்.

மேசை மேல் இவள் போன் அசையவில்லை.

அவன் போனைப் பைக்குள் போட்டான். ஏறினான்.

3.12. பதில் நின்றது. திரை கறுத்தது.

மறுநாள் காலை ஸ்டோர் பார்க்கும் சுஃபியானிடம் கோபுரத்தைப் பற்றி விசாரித்தாள்.

“அத்த பொங்கலுக்கே அறுத்துட்டாங்கக்கா. பெட்டி, பழைய கேமரா ரெண்டும் இங்கதான் கீது.”

அலமாரியின் அடித்தட்டு. வயர் அறுந்த பெட்டி. மேலே தூசி. தூக்கிப் பார்த்தாள்.

அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வெள்ளி, 2.47.

திரையில் மழை. மஞ்சள் மழைக்கோட்டு. காதில் போன்.

நர்மதாவின் போன் அடிக்கவில்லை. இருந்தாலும் எடுத்துக் காதில் வைத்தாள்.

காற்று இரைந்தது...

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

“ஏறாத மாமா,” என்றாள் நர்மதா. “வூட்டுக்கு வந்துரு.”