ரஷ்யத் தளபதியைப் பார்க்கத் தகனினியிலிருந்து ஒரு படையெடுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ரஷ்யத் தளபதியை நோக்கி ஆக்லாந்து நகரத்துக்குப் படையெடுத்தேன். தளபதி ஓவியத்தில் இருக்கிறார். வரைந்தவர் ஒரு மருவைக்கூட மன்னிக்காமல் உள்ளது உள்ளபடி தீட்டுகிற ரகம். கண்காட்சிக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவடைப்பு.

காரணம் என் மனைவி மாலதி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து மறைந்த தன் அப்பாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவருடைய முதல் வருஷத் திதி. படத்தை அன்று மாட்டியாக வேண்டும். ஆனால் அவள் கற்றதோ தஞ்சாவூர் ஓவியம். பழக்கதோஷத்தில் மாமனாரின் பதக்கங்களுக்குத் தங்கத்தாள் ஒட்டி, கண்களைக் காதுவரை நீட்டிவிட்டாள். பக்கத்து ஊர் மனுரேவாவிலிருந்து வந்த மச்சினன் பார்த்துவிட்டு, "அக்கா, இது முருகன். அப்பா எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசம்கூடக் கொதிக்க மறுக்கிறது. நிஜ முகத்தையும் நிஜப் பதக்கத்தையும் எப்படித் தீட்டுவது என்று தளபதியிடம் கேட்டுவரத்தான் இருவரும் கிளம்பினோம்.

மதியம் 12.10, எங்கள் புறநகரான தகனினியின் ரயில் நிலையம். தண்டவாள வேலையாம், ரயிலுக்குப் பதில் பேருந்து. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சிட்டிக்கு எத்தனை மணிக்குப் போகும், தம்பி?"

"அதை ரோட்டிட்டத்தான் கேக்கோணும், ஐயா. ஏறி இருங்கோ."

முப்பது கிலோமீட்டர். மழமழவென்று சவரம் செய்து ஏறியவன், தாடியோடு இறங்கினேன். கடிகாரமோ மணி 2.05தான் என்று பொய் சொல்கிறது. நடந்துபோன பத்து நிமிடத்தில் நான்கு முறை மழை. குடை இரண்டாவது மழையிலேயே வீரமரணம். நுழைவுச்சீட்டு ஆளுக்கு 25 டாலர், வரிசை நாற்பது நிமிடம். புளிசாதப் பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

3.30க்குத் தளபதியின் சந்நிதானம். மாலதி நேராகப் பதக்கங்களில் மூக்கை வைத்தாள். காவலுக்கு நின்ற பெண் பின்னால் போகச் சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது, ஏவிவிட்டவனே நான்தான் என்பதுபோல என்னை முறைத்தாள்.

"ஏங்க, இதுல தங்கமே இல்லங்க. வெறும் காவியும் பழுப்பும். மேல ஒரு பொட்டு வெள்ளை."

"தூரத்துல மின்னுதே?"

"அதை விடுங்க. கண்ணைப் பாருங்க. மனுஷன் தூங்கி ஒரு வருஷம் இருக்கும்." பதக்கங்களை விட்டு முகத்துக்கு நேராக நகர்ந்தாள். "அப்பா லீவுல வந்தா இப்படித்தான் உக்காந்திருப்பாரு. நான் மெடலுக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டேன். முகத்தை ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன்."

 

இதுபோல் வேறு கண்காட்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு: கடைசி நாளில் போகாதீர்கள். ரயில் ஓடுகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். சாப்பாட்டை வெளியிலேயே முடித்துவிடுங்கள். படத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு அப்புறம் கிட்டே போங்கள்.

வீடு சேர 6.40. நாற்காலியில் சாய்ந்தேன், கண் சொருகியது. மாலதி கத்தியை எடுத்துத் தங்கத்தாளைச் சுரண்டத் தொடங்கியவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அசையாதீங்க. அப்பா கண்ணை வரைய எனக்கு ஒரு ஆள் வேணும். அந்தச் சலிப்பு அப்படியே இருக்கட்டும்."

"பசிக்குதுடி."

"அதுவும் இருக்கட்டும். அப்பாவும் பசியோடதான் வருவாரு."