தீவைப் பார்க்க ஆசைப்பட்டேன்

என் தங்கை மகள் தன்னைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் கேட்டாள். நான் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் செய்தது இதுதான். இதை நீட்டிச் சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒரு சந்து வழியாக நான் தப்பித்துவிடுகிறேன். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைத் தப்பிக்க விடாதீர்கள்.

நான் நீடாமங்கலத்தில் தனியாக வசிக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டிய நாடுகளில் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. ஓய்வு பெற்ற அடுத்த ஜூன் மாதம், என் தங்கை ரீட்டாவின் ஒரே மகள் ஜெனி என்னை அயர்லாந்துக்கு அழைத்தாள். மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் அவள் நர்ஸ். கணவன் எட்வின் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன்.

எட்வின் என் மாணவன். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே நான்தான்! “பத்தாவது வரைக்கும் என் கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காந்தவன். அவனுக்கு நான் கியாரண்டி” என்று ரீட்டாவிடம் சொன்னேன். கீழ்வேளூரில் கணவனை இழந்து தனி ஆளாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரீட்டா, வேறு யாரையும் விசாரிக்கவில்லை. அக்கா சொன்னால் போதாதா அவளுக்கு?

அந்த ஊர் அழகாகத்தான் இருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை. மஞ்சளும் நீலமுமாய்ச் சாயம் பூசிய வீடுகள், மீன்பிடிப் படகுகள் கட்டிய சிறு துறைமுகம், பக்கவாட்டில் அடிக்கும் மழை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது. நாகப்பட்டினத்துக் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அது கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துக் குழந்தையைப் போலக் கை தட்டினேன்.

ஆனால் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

ஜெனியின் கைப்பேசி எப்போதும் எட்வினிடமே இருந்தது. நடந்தே போகக்கூடிய தூரத்து வேலைக்கு அவனே காரில் கொண்டுபோய் விட்டான், அவனே திரும்ப அழைத்து வந்தான். ஜன்னலைத் திறக்கும் முன்பு கூட அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “கடற்கரைக்குப் போய் நடந்துட்டு வரலாமாடி?” என்று ஒரு நாள் கேட்டேன். “அவர் மீட்டிங் முடிச்சிட்டு வரட்டும் பெரியம்மா” என்றாள். கடல் அவள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம். மூன்று வருடமாக அங்கே இருக்கிறாள். ஒரு தடவை கூடத் தனியாகப் போய்த் தண்ணீரில் கால் நனைத்ததில்லை...

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காதவள் போல இருக்கவும் கற்றுக்கொண்டேன். எத்தனை சீக்கிரம் கற்றுக்கொண்டேன்!

பத்தாவது நாளோ என்னவோ, எட்வின் எங்களை ஒரு மலை முனைக்கு அழைத்துப் போனான். கீழே செங்குத்தாகப் பாறை, அதன் அடியில் கடல் நுரைத்துக்கொண்டிருந்தது. கேமராவைக் காரில் மறந்துவிட்டதாகச் சொல்லி அவன் திரும்பி நடந்தான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம். ஜெனி தன் கம்பளிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கைக்கு மேலே நான்கு விரல்கள் கருநீலமாய்ப் பதிந்திருந்தன.

“பெரியம்மா, என் பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கு. அம்மாகிட்ட பேசுறப்போ பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க சொல்லுங்க. அம்மாவ வரச் சொல்லுங்க. இல்லன்னா நீங்களே என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

காற்று அவள் குரலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. காற்றின் மேல் பழி போட என்னால் முடியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“எல்லா வீட்லயும் இருக்கிறதுதான் ஜெனி. கொஞ்சம் பொறுத்துப் போ. ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

“சொல்வீங்கல்ல?”

“சொல்றேன்டி.”

எட்வின் வந்துவிட்டான். “டீச்சர், ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க. பின்னாடி கடல் தெரியட்டும்.” ஜெனி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் தோளோடு ஒட்டி நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவனைக் கண்டு பயந்தேனா? இல்லை. அவன் என்னிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. நான் கொண்டு வந்த சம்பந்தம் இப்படி ஆயிற்றே, ஊர் என்ன பேசும், ரீட்டா என்ன கேட்பாள் என்ற பயம் இருந்தது. அதைக்கூட நீங்கள் புரிந்துகொள்வீர்கள். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது...

அந்த ஊருக்கு எதிரே கடலுக்குள் ஒரு தீவு உண்டு. ஒரு வாரமாகக் கடல் கொந்தளித்ததால் படகு போகவில்லை. மலை முனையிலிருந்து திரும்பும்போது எட்வின் சொன்னான்: “நாளைக்குக் கடல் அமைதியா இருக்குமாம் டீச்சர். தீவுக்குப் போயிடலாம்.”

நான் வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும். சண்டை வந்தால் தீவு இல்லை. இதை நான் நினைத்தேன். காரின் பின் இருக்கையில், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதைத்தான் நினைத்தேன்!

மறுநாள் படகேறினோம். சீல்கள் என்கிற கடல்நாய்கள் பாறை மேல் படுத்து வெயில் காய்ந்தன. செம்மஞ்சள் அலகு கொண்ட பறவைகள் கூட்டம் கூட்டமாய் எழும்பின. ஜெனி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் பறவைகளைப் பார்த்தேன். சந்தோஷமாகவே இருந்தேன்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் நாயோடு தனியாக இருந்த ஒரு முதிய அம்மாள். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், கற்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “உங்கள் பெண் நன்றாக இருக்கிறாளா? எனக்கு என்னவோ கவலையாக இருக்கிறது.”

“மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள்” என்று என் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்த அம்மாள் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாளே கீழ்வேளூருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ரீட்டா சேற்றுக் காலோடு வரப்பில் ஓடி வந்தாள். டீ வந்த நேரம். நடவுப் பெண்கள் எல்லாரும் கரையேறிச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“எம் பொண்ணு எப்படிக்கா இருக்கா? எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லு.”

“அங்கல்லாம் நெல்லு வெளையுமா டீச்சர்?” என்று ஒருத்தி குறுக்கே கேட்டாள்.

“நெல்லு ஏது? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் புல்லுதான். ஆடு மேய்க்கிறதுக்குன்னு வளர்க்குறாங்க.”

“அட, நாம புடுங்கிக் கொட்டுறத அவுங்க வளர்க்குறாங்களா!”

வரப்பே சிரித்தது. ரீட்டாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் மேலும் சொன்னேன்... வீடுகளின் நிறத்தை, பத்து மணி வெளிச்சத்தை, சீல்களை, தீவை. மலை முனையையும் விடவில்லை. அங்கே அடித்த காற்றைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன், நுரையைச் சொன்னேன். அங்கே பேசியதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தது. அடுத்த வாரம் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பயணமே எனக்கு ஒரு தொழில் போலாகிவிட்டது. எங்கள் தேவாலயப் பங்கின் மாத இதழில் அதைத் தொடராக எழுதினேன். பெண்கள் கூட்டத்தில் பேசினேன். கல்யாண வீடுகளில், “டீச்சர், அந்த அயர்லாந்து கதையச் சொல்லுங்க” என்று பந்தியிலேயே கேட்டார்கள். சொல்லச் சொல்ல அந்தக் கதை என்னைச் சுற்றிச் சுவராய் உயர்ந்தது. இனி அதில் ஒரு கல்லை உருவினாலும் முழுவதும் என் தலையில்தான் விழும். எட்வின் எடுத்த அந்தப் படத்தை ரீட்டா பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். “பாருக்கா, முகத்துல எவ்ளோ சந்தோஷம்!” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

ஜெனி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். “டியூட்டி ஜாஸ்தி போல” என்றாள் ரீட்டா.

இரண்டு வருடம்! அந்த இரண்டு வருடத்தில் அவள் கை எத்தனை முறை கருநீலமாயிற்று? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் ரீட்டா போன் செய்தாள். அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. பஸ் பிடித்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலுக்கு எஞ்சினை மாற்றி மாட்டுகிறார்களாம், அது முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, ஜெனி இறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் செத்திருந்தால் அந்த ரகசியமும் அவளோடு போயிற்று என்று ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... என் மனம் ஆறுதல் அடைந்தது. ஆண்டவரே! என்ன பிறவி நான்?

ரீட்டா வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, ஜெனி இறக்கவில்லை. தப்பித்துவிட்டாள்.

“பக்கத்து வீட்டு அம்மாவாம்க்கா. அவன் குளிக்கப் போன நேரம் பாத்து, இவளக் கார்ல ஏத்திக் கொண்டுபோய்ப் போலீஸ்ல விட்டுருக்காங்க. பாஸ்போர்ட்டக் கூட போலீஸ்காரங்களே வாங்கிக் குடுத்துட்டாங்களாம். இப்ப வேற ஊர்ல, பத்திரமா இருக்கா. யாரோ எவரோ... எம் பொண்ணக் காப்பாத்திட்டாங்கக்கா.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்: “ஏன்க்கா, நீ இருபது நாள் அங்க இருந்தியே. உனக்கு ஒண்ணுமே தெரியலையா?”

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது! ஒரு வாழ்நாளைத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

“தெரியலடி” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு எப்படித் தெரியும்? அவன் நல்லா நடிச்சிருக்கான். உன்னையும்தான் ஏமாத்திட்டான். நீ இத மனசுல போட்டுக்காத.”

எட்வின் இருந்த படங்களையெல்லாம் அன்றே கழற்றி எறிந்தாள். அந்த மலை முனைப் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில்தான் அவன் இல்லையே!

ஜெனி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அடித்ததை, பூட்டியதை, பட்டினி போட்டதை. என்னிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. ஏன்? இரக்கமா? அம்மாவுக்கு இருக்கிற ஒரே அக்காவைப் பறிக்க வேண்டாம் என்றா? இல்லை, சொல்லக்கூடத் தகுதியில்லாதவள் என்றா? அவள் சொல்லிவிட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், திட்டு வாங்கியிருப்பேன், எப்படியோ முடிந்திருக்கும். அவளுடைய மௌனம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து ரீட்டா வீட்டில் இருந்தேன். ஜெனி வீடியோவில் வந்தாள். சற்றுத் தேறியிருக்கிறாள். அறுவடை முடிந்ததும் அம்மா அங்கே வருவதாகப் பேச்சு. ரீட்டா தயங்கினாள். “பிளேன்ல தனியா எப்படிடி வருவேன்?”

“பெரியம்மாவையும் கூட்டிட்டு வாங்கம்மா. அவங்களுக்கு இங்க எல்லா இடமும் தெரியும்” என்றாள் ஜெனி. குரலில் கோபம் இல்லை. திரைக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தாள். “வருவீங்கல்ல பெரியம்மா?”

“வர்றேன்டி” என்றேன்.

ரீட்டா எனக்கும் சேர்த்துக் கம்பளிச் சட்டை வாங்கிவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லலாமா என்று தினமும் யோசிக்கிறேன். அது இன்னொரு பொய்யாகும். போனால், அந்தப் பெண்ணின் வீட்டில், அவள் போட்டுத் தரும் டீயைக் குடித்துக்கொண்டு, எந்த முகத்தோடு உட்காருவேன்?

யாரென்றே தெரியாத உங்களிடம் இத்தனையும் சொல்லிவிட்டேன். இன்று காலையிலும் ரீட்டாவோடு முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். அவளிடம் சொல்லவில்லை.